மேடை ஓரத்து நாற்காலிகள்: செவியாவில் 7 நாட்கள்

முதல் நாள், செப்டம்பர் 16

ஸ்பெயினின் தலைநகர் மத்ரித்தின் அத்தோச்சா நிலையத்தில் ரயில் ஏறினால் செவியாவுக்கு இரண்டரை மணி நேரம். வெளியே முதலில் காய்ந்துபோன மஞ்சள் நிலம், அப்புறம் சியெர்ரா மொரேனா மலைகள், அதற்கப்புறம் கோடு போட்டு நட்டதுபோல ஆலிவ் மரங்கள். இறங்கியபோது மாலை 5 மணி. வெயில் இன்னும் உச்சந்தலையைச் சுட்டது. தெருவெங்கும் ஆரஞ்சு மரங்கள். காய் இப்போது பச்சை. பழுத்தாலும் கசக்கும், மார்மலேடுக்குத்தான் ஆகும் என்றார் டாக்சி ஓட்டியவர்.

வந்தது பியெனால் ஃப்ளமெங்கோ விழாவுக்கு. ஃப்ளமெங்கோ என்பது தென் ஸ்பெயினின் அந்தலூசியப் பகுதிக் கலை; பாட்டு, கிதார், கைதட்டு, ஆட்டம் எல்லாம் சேர்ந்தது. 1980இல் தொடங்கியது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும். செப்டம்பரில் ஆரம்பித்துச் சில வாரங்கள் ஊரே இதில்தான் இருக்கும். பெரிய அரங்கு, பழைய தேவாலயம், குடியிருப்பின் முற்றம் என்று எங்கெல்லாம் இடம் உண்டோ அங்கெல்லாம் நிகழ்ச்சி. விழாவின் பரிசுக்கு ஹிரால்தியோ என்று பெயர். இந்த ஊர்ப் பேராலயத்தின் மணிக்கோபுரமான ஹிரால்தாவின் உச்சியில் காற்றடிக்கும் திசையில் திரும்பும் வெண்கலப் பெண் சிலை இருக்கிறது; அவள் பெயர் அது. கோபுரமே 12ஆம் நூற்றாண்டில் மசூதி மினாராகக் கட்டப்பட்டதுதான்.

நான் ஆடுபவள் இல்லை. 18 வருடங்களாகப் பரதநாட்டியத்துக்கு நட்டுவாங்கம் செய்கிறேன். மேடை ஓரத்தில், கையில் தாளம், வாயில் சொல்லுக்கட்டு, கண் ஆடுகிற பெண்ணின் பாதத்தில். இதுதான் என் வேலை. அதனால் ஃப்ளமெங்கோ வீடியோக்களைப் பார்க்கும்போதும் என் கண் ஆடுபவரிடம் நிற்காது. பின்னால் நாற்காலி போட்டுக் கைதட்டிக்கொண்டிருக்கிறார்களே, அவர்களிடம் போய்விடும். பால்மா என்றால் உள்ளங்கை, கைதட்டுபவர் பால்மெரோ. அவர்களைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்று பல வருட ஆசை.

தங்கியிருப்பது அலமேதா தெ எர்க்குலெஸ் பக்கம். திடலில் 'நீஞ்யா தெ லொஸ் பெய்னெஸ்' பஸ்தோரா பவோனுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். 1890இல் இதே ஊரில் பிறந்து 1969இல் மறைந்த பாடகி. ஒரு பாட்டுக்காரிக்கு ஊர் நடுவே சிலை. சற்று நேரம் அங்கேயே நின்றேன்.

இரவுச் சாப்பாடு 9:30க்கு மேல்தான். கீரையும் கொண்டைக்கடலையும் சேர்த்துச் சீரக வாசத்தோடு ஒரு பதார்த்தம், இந்த ஊரின் பழைய உணவாம். தட்டைக் கொண்டுவந்து வைத்த அம்மா "மியார்மா" என்று கூப்பிட்டார். 'என் உயிரே' என்பதை இந்த ஊர்க்காரர்கள் அப்படிச் சுருக்கிச் சொல்வார்களாம், யாரைப் பார்த்தும். களைப்பெல்லாம் அந்த ஒரு சொல்லில் போனது.

இரண்டாம் நாள், செப்டம்பர் 17

காலையிலேயே ஆற்றைத் தாண்டித் திரியானாவுக்குப் போனேன். குவாதல்கிவீர் ஆறு செவியாவை இரண்டாகப் பிரிக்கிறது. அக்கரையில் இருப்பவர்கள் தங்களைச் செவியாக்காரர்கள் என்பதைவிடத் திரியானாக்காரர்கள் என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். நடுவே 1852இல் கட்டி முடித்த இரும்புப் பாலம்.

திரியானாவில் பதிப்பு ஓடுகளும் மண்பாண்டங்களும் செய்தவர்கள் இருந்தார்கள், மாலுமிகள் இருந்தார்கள், இரும்படித்த ஹிதானோக்கள் இருந்தார்கள். ஹிதானோ என்றால் ஸ்பெயினின் ரோமா மக்கள். இன்று பாகெஸ் தெல் கொர்ரோ என்று பெயர்ப்பலகை மாட்டியிருக்கும் தெருவில்தான் அவர்களுடைய வீடுகளும் உலைக்களங்களும் இருந்தன. மார்த்தினெத்தே என்ற பாட்டுவகையை அந்தப் பட்டறைகளோடு சேர்த்துத்தான் சொல்வார்கள். மார்த்தியோ என்றால் சுத்தியல். அதற்குக் கிதார் இல்லை, கைதட்டு இல்லை. குரல் மட்டும். மேடையில் பாடும்போது சில சமயம் பட்டறைக்கல்லில் சுத்தியல் விழும் ஓசையைச் சேர்த்துக்கொள்வார்கள்.

தெருவில் இப்போது உலை எதுவும் இல்லை. நல்ல வெள்ளை வீடுகள், ஜன்னலில் பூத்தொட்டி, ஒரு பல் ஆஸ்பத்திரி. 1950களிலிருந்து இந்தக் குடும்பங்களை இங்கிருந்து கிளப்பி ஊருக்கு வெளியே அடுக்குமாடிகளில் குடிவைத்தார்கள். பல வீட்டார் சேர்ந்து ஒரே முற்றத்தில் சமைத்து, துவைத்து, சாயங்காலம் பாடி வாழ்ந்த வளவுகள் காலியாயின. ஃப்ளமெங்கோவின் தொட்டில் என்று சுற்றுலாப் பலகைகள் சொல்லும் இடத்தில், தொட்டிலை ஆட்டியவர்கள் இல்லை. பாலத்தின் முனையில் ஃப்ளமெங்கோவுக்காக ஒரு பெண்ணின் சிலை இருக்கிறது, அருகே எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு எடுக்கத் தோன்றவில்லை.

பதிப்பு ஓடு விற்கும் கடையில் நான் இந்தியா என்றதும் கடைக்காரர் முகம் மலர்ந்து, "ஃப்ளமெங்கோ உங்கள் நாட்டிலிருந்து வந்ததுதானே!" என்றார். அன்பாகச் சொன்னதுதான். நம் ஊரிலும் இதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் நிறையப் பேர். ரோமா மக்களின் மொழி வட இந்திய மொழிகளோடு உறவுடையது என்பது உண்மை. ஹிதானோக்களின் காலோ மொழியில் தண்ணீருக்குப் 'பஞ்ஞி' என்றுதான் பெயர். இந்தி தெரிந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஆனால் அவர்கள் ஸ்பெயினுக்கு வந்த பதிவு 1425இலிருந்தே இருக்கிறது. அதன்பின் பல நூறு வருடம் இந்த மண்ணில் பட்டிருக்கிறார்கள். 1749 ஜூலை 30 அன்று, நாட்டிலுள்ள ஹிதானோக்கள் எல்லோரையும் ஒரே நேரத்தில் பிடித்து அடைக்க அரசன் ஆணையிட்டான். ஆயிரக்கணக்கான குடும்பங்களில் ஆண்களைக் கப்பல் துறைகளில் கட்டாய வேலைக்கு அனுப்பினார்கள். பெண்களையும் குழந்தைகளையும் வேறு இடங்களில் அடைத்தார்கள். மார்த்தினெத்தே பாட்டுகளில் சிறையும் விலங்கும் திரும்பத் திரும்ப வருவது அதனால்தான் என்று நினைக்கிறேன். அந்தத் துயரத்தோடு அந்தலூசிய நாட்டுப்பாட்டும், ஒருகாலத்தில் இங்கே ஆண்ட முஸ்லிம்களான மூர்களின் இசையும், துறைமுகம் வழியே வந்த ஆப்பிரிக்க, அமெரிக்கத் தாளங்களும் கலந்து இங்கே பிறந்தது இந்தக் கலை. இது அவர்களுடையது. 'எங்களிடமிருந்து வந்தது' என்று ஒரு வாக்கியத்தில் எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவரிடம் "இல்லை ஐயா, உங்களுடையதுதான்" என்றேன்.

மூன்றாம் நாள், செப்டம்பர் 18

இரவு 8:30க்கு மாஎஸ்திரான்சா அரங்கம். 1991இல் திறந்தது, ஏறக்குறைய 1800 பேர் உட்காரலாம். என் இடம் மேல்மாடியில்.

ஆடியவர் பெரிய கலைஞர், அதில் சந்தேகமே இல்லை. ஒளி, புகை, கண்ணாடித் திரை, 12 பேர் கொண்ட குழு. பாதி நேரம் கிதார் இல்லை, எலக்ட்ரானிக் ஓசைதான். பக்கத்தில் ஒரு பெரியவர் இடைவிடாமல் பெருமூச்சு விட்டார். முன்வரிசை இளைஞர்கள் முடிந்ததும் எழுந்து நின்று கத்தினார்கள். பழையதா புதியதா என்ற சண்டை இங்கே எப்போதும் உண்டு. இதே ஊரில் பிறந்த இஸ்ரேல் கல்வான் ஆட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து வேறு மாதிரி அடுக்கியபோதும் சண்டை வந்தது. இன்று அவரைப் பார்த்து எத்தனையோ பேர் ஆடுகிறார்கள்.

எனக்குப் புதுமையில் குறை இல்லை. ஆனால் பால்மெரோக்களை இருட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். கைதட்டு ஒலிபெருக்கி வழியே மேலிருந்து வந்தது, காலடி ஒரு பக்கமிருந்து வந்தது. யார் யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்று கண்ணால் பிடிக்க முடியவில்லை. ஒரே ஓர் இடத்தில் எல்லாம் நின்றது. அவர் வலது கையை மட்டும் தூக்கி, விரல்களைச் சுண்டுவிரலில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக மடக்கினார். 1800 பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த ஒரு கைக்காக டிக்கெட்டுக்குக் கொடுத்த காசு தகும்.

நான்காம் நாள், செப்டம்பர் 19

விழா நாட்களில் ஊரின் நடனப் பள்ளிகள் வெளியூர்க்காரர்களால் நிரம்பிவிடுகின்றன. நான் சேர்ந்தது ஆட்ட வகுப்பு இல்லை, கைதட்டும் வகுப்பு. ஒன்றரை மணி நேரம் கொம்பாஸ் மட்டும். கொம்பாஸ் என்றால் தாளச் சுற்று. ஜப்பானிலிருந்து இரண்டு பேர், பிரேசிலிலிருந்து ஒருவர், ஒரு பிரெஞ்சு அம்மா, அப்புறம் நான்.

ஆசிரியைக்கு 60 வயது இருக்கும். உள்ளே வரும்போது கையில் ஒரு கோல். அதைப் பலகைத் தரையில் தட்டித்தான் தாளம் கொடுத்தார். அதைப் பார்த்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தட்டுமனையும் தட்டுக்கழியுமாக எங்கள் டீச்சர் உட்கார்ந்திருப்பது அப்படியே கண்முன் வந்தது.

சொலெயா, புலெரியா, அலெகிரியாஸ் என்ற ஃப்ளமெங்கோ வகைகள் மூன்றும் 12 அடிச் சுற்று. அழுத்தம் 12, 3, 6, 8, 10 என்ற இடங்களில் விழும். கடிகார முகத்தில் அந்த எண்களைப் பாருங்கள் என்றார் ஆசிரியை. மற்றவர்கள் எண்களோடு போராடிக்கொண்டிருந்தார்கள். நான் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்: தகிட தகிட தக தக தக. மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு, இரண்டு. சட்டென்று உட்கார்ந்துவிட்டது. செகிரியா என்ற சோக வகைக்கும் அதே 12தான், எட்டாவது அடியிலிருந்து தொடங்குகிறது. தக தக தகிட தகிட தக. ஒரே மாலையை வேறு பூவிலிருந்து எண்ணத் தொடங்குவதுபோல. இதை எழுதும்போதுகூட விரல் மேஜையில் போட்டுக்கொண்டிருக்கிறது.

கைதட்டிலும் இரண்டு வகை. ஒரு கையின் விரல்களை மற்றக் கையின் உள்ளங்கையில் அடித்தால் பளீரென்று வருவது தெளிந்த தட்டு. இரண்டு உள்ளங்கைகளையும் குழித்து அடித்தால் வருவது மந்தத் தட்டு. பாட்டு நடக்கும்போது மந்தம், பாடகரின் குரலை மூடக் கூடாது. ஆடுபவர் காலை எடுத்ததும் தெளிவு. இரண்டு பால்மெரோக்கள் இருந்தால் ஒருவர் அடிமேல் தட்டுவார், மற்றவர் இரண்டு அடிக்கும் நடுவே. இரண்டும் சேர்ந்து ஒரே மழைபோலக் கேட்க வேண்டும். நடுவே தட்டும் வேலையை என்னிடம் கொடுத்தார். அரை நிமிடம் தாக்குப்பிடித்தேன், அப்புறம் அவருடைய அடியோடு என் அடி ஒட்டிக்கொண்டது. மறுபடியும். மறுபடியும். ஏழாவது தடவையில்தான் இரண்டு சுற்று தாண்டினேன்.

ஆனால் நான் நன்றாக மாட்டிக்கொண்டது வேறோர் இடத்தில். கடைசியில் எல்லோரும் சேர்ந்து முடிக்க வேண்டும். 18 வருடப் பழக்கம், என் கை தானாகச் சுற்று முழுவதையும் தாண்டி அடுத்த ஒன்றில், சமத்தில் போய் அடித்தது. மற்ற எல்லோரும் அதற்கு முன்பே நிறுத்திவிட்டிருந்தார்கள். அந்த அமைதியில் என் தட்டு மட்டும் தனியாக விழுந்தது. ஆசிரியை சிரிக்கவில்லை. அருகில் வந்து என் மணிக்கட்டைப் பிடித்து, "பத்தில் முடி" என்றார். "பதினொன்றையும் பன்னிரண்டையும் விட்டுவிடு. அது பாடுகிறவர் மூச்சு வாங்குவதற்கு."

அறைக்கு வந்து இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நம் கோர்வை, அதாவது தாள முடிப்பு, எல்லாம் சுற்று தொடங்கும் சமத்தையோ பாட்டு தொடங்கும் எடுப்பையோ நோக்கி ஓடும், அங்கே போய் விழுவதில்தான் நிறைவு. இங்கே சுற்று முடிவதற்கு இரண்டு அடி முன்பே எல்லாம் முடிந்துவிடுகிறது. மிச்சமிருக்கும் இரண்டு அடியில் யாரும் எதுவும் செய்யாமல் அடுத்தவருக்காகக் காத்திருக்கிறார்கள்.

ஐந்தாம் நாள், செப்டம்பர் 20

துணி துவைத்தேன். மதியம் முழுக்கத் தூக்கம். மாலையில் நாட்டியக் கலைஞர் கிறிஸ்தினா ஓயோஸ் 2006இல் தொடங்கிய ஃப்ளமெங்கோ ஆட்ட அருங்காட்சியகம். பதா தெ கோலா எனும் வால் நீண்ட பாவாடைகளைக் கிட்டத்தில் பார்த்தால் அடுக்கடுக்காக எத்தனை துணி! அதைக் காலால் பின்னுக்கு எத்தித் திரும்புவதே தனிப் பயிற்சி. உள்ளங்கை இன்னும் சிவந்திருக்கிறது.

ஆறாம் நாள், செப்டம்பர் 21

முந்தாநாள் வகுப்பில் அறிமுகமான பிரெஞ்சு அம்மா ஒரு பெஞ்ஞாவுக்கு அழைத்துப் போனார். பெஞ்ஞா என்பது ரசிகர்கள் சேர்ந்து நடத்தும் சங்கம். நம் ஊர் சபா என்று சொல்லலாம், ஆனால் வீட்டுக் கூடம் அளவு. 70 நாற்காலி, முழங்கால் உயரத்துக்குச் சின்ன மேடைகூட இல்லை, ஒரு சாண் உயரப் பலகைதான். சுவர் முழுக்க மறைந்த பாடகர்களின் படங்கள். மைக் கிடையாது. பாட்டு நடக்கும்போது மதுக் கவுண்டரில் ஒரு கிளாஸ் சத்தம்கூடக் கேட்கவில்லை.

முதலில் ஒரு முதியவர் செகிரியா பாடினார். உட்கார்ந்தபடி, இரண்டு கையும் முழங்காலில். முதல் வரிக்கு முன்னால் 'அய்' என்று ஓர் ஓசை. அது வார்த்தை இல்லை, தொண்டை கதவைத் திறந்து பார்ப்பது. அந்த 'அய்' நீண்டு, உடைந்து, இன்னொரு சுருதியில் எழுந்தது. என் விரல் என்னை அறியாமல் மேஜையில் தக தக தகிட போட ஆரம்பித்துவிட்டது. பக்கத்து நாற்காலிக்காரர் என்னைப் பார்க்காமலே தன் கையை என் கைமேல் வைத்தார். கோபமில்லை. காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியில் வைப்பதுபோல வைத்து, பாட்டு முடியும்வரை எடுக்கவில்லை. வெட்கத்தில் காது சுட்டது. ஆனால் அதன்பிறகுதான் பாட்டு எனக்குள் வந்தது. எண்ணிக்கொண்டிருந்தவரை வரவே இல்லை.

இடைவேளைக்குப் பிறகு ஆட்டம். 50 வயதுப் பெண், கறுப்பு உடை, சாதாரணக் கொண்டை. சொலெயா. பாடகர் ஒருவர், கிதார் ஒன்று, பால்மெரோ இருவர். நான் பால்மெரோவிலிருந்து மூன்றடி தூரத்தில் இருந்தேன்.

எப்படி நடக்கிறது என்று இப்போதுதான் முழுசாகப் பார்த்தேன். பாடகர் ஒரு வரியைப் பாடும்போது அந்தம்மா காலைப் பெரிதாக எடுக்கவே இல்லை. இடுப்பு அசைய, கைகள் எழுந்து இறங்க, பாட்டுக்குள் நடந்துகொண்டிருந்தார். வரி முடியும் இடத்தில் மட்டும் நாலைந்து அடி, பளிச்சென்று, பத்தில் நின்றுவிட்டார். அந்த நிறுத்தத்தின் மேல் கூடத்திலிருந்து ஒரே ஒரு 'ஒலே'. அது பாராட்டு மட்டுமில்லை, தாளத்தில் அதற்கும் இடம் இருக்கிறது. அப்புறம் அடுத்த வரி வேண்டும் என்றால் ஒரு குறிப்பிட்ட அடிக்கோவையால் அவரே பாடகரை அழைக்கிறார். யமாதா என்று பெயர், 'கூப்பிடுதல்' என்றே பொருள். பாட்டெல்லாம் முடிந்தபின் எஸ்கொபியா: நீண்ட காலடிப் பகுதி. குதிகாலிலும் முன்னங்காலிலும் ஆணி அடித்த காலணி, கீழே பலகை. முதலில் மணலைச் சலிப்பதுபோல மெதுவாக, போகப் போக வேகம் கூடிக் கூடி, கடைசியில் அந்தப் பலகையே மத்தளமாகிவிட்டது.

அந்த முழு நேரமும் பால்மெரோ அவர் காலைப் பார்க்கவில்லை. இதுதான் எனக்கு அதிர்ச்சி. முதுகையும் தோளையும் பார்த்துக்கொண்டிருந்தார். நிகழ்ச்சி முடிந்ததும் தைரியத்தைக் கூட்டிக்கொண்டு போய், பிரெஞ்சு அம்மாவை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டேன். "காலில் தெரியும்போது நேரம் கடந்துபோயிருக்கும். தோளில்தான் முதலில் தெரியும்" என்றார். என் தொழிலைச் சொன்னேன். சின்னத் தாளங்களைக் கையில் பிடிப்பதுபோல் காட்டி, ஒரு தீர்மானம், அதாவது ஜதியின் முடிப்புச் சொற்கள், சொன்னேன். இரண்டாவது தாளச் சுற்றிலேயே அவர் மந்தத் தட்டு போட்டு என்னோடு சேர்ந்துகொண்டார். கூடம் காலியாகிக்கொண்டிருந்தது. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் வேலையை நிறுத்திவிட்டு நின்றார். ஒரு நிமிடம் இருக்கும். எந்த அரங்கேற்றத்திலும் எனக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

ஏழாம் நாள், செப்டம்பர் 22

நாளைக் காலை ரயில். இன்று கடைசி நிகழ்ச்சி, ஹோட்டல் திரியானா. பெயர்தான் ஹோட்டல். 1929இன் ஐபீரிய-அமெரிக்கக் கண்காட்சிக்கு வருபவர்கள் தங்கக் கட்டியது, இப்போது குடியிருப்பு. நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் மாடி வீடுகள். மேடை முற்றத்தில். குடியிருப்பவர்கள் அவரவர் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டாம் மாடியில் ஒரு பாட்டி விசிறியோடு. தலைக்குமேல் நிலா.

அலெகிரியாஸ் வந்தது, தாங்கோஸ் வந்தது. தாங்கோஸ் நாலடித் தாளம், முற்றம் முழுக்கத் தோள் ஆடியது. மொத்தம் 4 பால்மெரோக்கள், வெளிச்சத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் இருந்தவருக்கு வயது 65க்கு மேல், தொப்பை, வெள்ளைச் சட்டை. இரண்டு மணி நேரம் அந்த நாற்காலியைவிட்டு எழவில்லை. நானும் அவர்களைப் போலத் தோளைப் பார்க்கப் பழகினேன். மூன்று தடவை யமாதா வருமுன்பே எனக்குத் தெரிந்தது. மூன்று தடவைதான்.

நிகழ்ச்சி முடிந்தபின் வழக்கப்படி எல்லோரும் மேடையின் முன்னால் அரைவட்டமாக வந்து நின்றார்கள். புலெரியா. இது எல்லோருக்குமான முடிவு. பாடினவர், கிதார்காரர், யாராக இருந்தாலும் நடுவில் வந்து ஒரு சிறு ஆட்டம் ஆடிவிட்டுப் போகலாம். பதாயீத்தா என்கிறார்கள். பாடகி வந்தார், பாவாடை நுனியைப் பிடித்து ஒரு சுற்று. கிதார்காரர் கிதாரைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

அப்புறம் அந்த வெள்ளைச் சட்டைக்காரர். நடுவுக்கு நடந்தே வந்தார். சட்டையின் முன்பக்கத்தை இரண்டு விரலால் இழுத்துவிட்டுக்கொண்டார். இரண்டு சுற்று ஒன்றுமே செய்யவில்லை, நின்று கேட்டார். மூன்றாவதில் ஒரு தோள், ஒரு குதிகால், பாதித் திரும்பல். பத்தில் நின்றார். முற்றம் மொத்தமும் ஒரே குரலில் ஒலே என்றது, மாடிப் பாட்டி உட்பட. இரவு முழுவதும் நடுவில் ஆடிய அந்தப் பெண், தலைப்பூ கலைந்து, வேர்வையோடு, அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று அவருக்காகக் கைதட்டிக்கொண்டிருந்தாள். உள்ளங்கையைக் குழித்து, மந்தமாக, அவர் தோளைப் பார்த்தபடி.